சூறைக்கொடிக்குப் பதில் சொன்னவர்கள்

தூத்துக்குடியில், ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே, உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் துருவேறி நிற்கும் பவளம் பிளாட்ஸ் என்கிற கட்டடத்தின் மேல் மாடியில், ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், பால் பாக்கெட்டை எடுக்க எழுந்து வந்த மெற்றில்டா தன் வீட்டு ஹாலில் ஓர் அரக்கி நிற்பதைப் பார்த்தாள். அரக்கி மின்விசிறியில் தலை இடித்துவிடாமல் கழுத்தைச் சாய்த்து வைத்திருந்தாள். செம்பு நிறக் கூந்தல் இடுப்புக்குக் கீழே தொங்கியது, கன்னத்தில் தழும்புகள் இருந்தன, தோளில் கரடித்தோலும் கையில் இரண்டு பக்கமும் வாயுள்ள கோடரியும் இருந்தன.

"யாரும்மா நீங்க?" என்றாள் மெற்றில்டா.

"பனிக்கணவாயின் காவலி சூறைக்கொடி, கோடரியைத் தரையில் ஊன்றி, எதிரே வந்தவளை ஏற இறங்கப் பார்க்கிறாள்" என்றாள் அரக்கி. சொன்னபடியே ஊன்றினாள், சொன்னபடியே பார்த்தாள்.

"டைல்ஸ்ல ஊனாதீங்க, விரிஞ்சிரும்."

"சூறைக்கொடி கோடரியைத் தோளில் ஏற்றிக்கொள்கிறாள்."

அவள் ஒவ்வொரு வாக்கியம் பேசும்போதும் வாயிலிருந்து இரண்டு மூன்று கூழாங்கற்கள் விழுந்து சோபாவுக்கு அடியில் உருண்டன. மெற்றில்டா விளக்குமாற்றை எடுத்தாள். அந்த வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்கள் எல்லாரும் அவள் பக்கத்து ஆட்கள், அவர்களில் கதவு நிலையைத் தாண்டிய உயரம் யாருக்கும் கிடையாது, ஆகவே வந்திருப்பது கணவனுக்கு வேண்டப்பட்டவளாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவு செய்து, "ஏங்க, ஒங்களப் பாக்க ஆளு வந்திருக்கு" என்று பெட்ரூம் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

ரெமிஜியஸ் வாயில் பிரஷ்ஷோடு வந்தான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் சரக்கு ஆபீசில் நாள் முழுக்கச் சுங்கத்துறைத் தாள்களை டைப் அடிக்கிறவன் அவன். அங்கேயும் பேச மாட்டான், வீட்டிலும் பேச மாட்டான், பஸ்ஸில் தன் காலை யாராவது மிதித்தால் மிதித்தவருக்குச் சங்கடமாக இருக்குமே என்று காலை எடுக்காமல் வருவான். ஆனால் சாயங்காலம் ஆனதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, நிழல்மலை நாடு என்கிற விளையாட்டுக்குள் போய்விடுவான். அந்த விளையாட்டில் படம் கிடையாது, சத்தம் கிடையாது, எழுத்து மட்டும்தான். ஒருவர் தன் பாத்திரம் என்ன செய்கிறது, என்ன சொல்கிறது என்று எழுதுவார். அதைப் படித்துவிட்டு இன்னொருவர் தன் பாத்திரத்தின் பதிலை எழுதுவார். அப்படியே எழுதி எழுதி ஒரு நாடும் அதன் சண்டைகளும் கல்யாணங்களும் சாவுகளும் நடந்துகொண்டிருக்கும். அதில் ரெமிஜியஸ்தான் சூறைக்கொடி. நாட்டின் வடக்கு எல்லையில் இருக்கும் கணவாயை ஒற்றை ஆளாகக் காக்கிற அரக்கி, யாரையும் தாண்ட விடமாட்டேன் என்று செத்துப்போன அண்ணனின் தலைமேல் சத்தியம் செய்தவள், எதிரியிடம் மட்டுமல்லாமல் சேனாதிபதியிடமும் சத்தம் போடுகிறவள். ரெமிஜியஸ் வாழ்க்கையில் போடாத சத்தம் எல்லாவற்றையும் அவள் அங்கே போட்டாள்.

அவளை ஹாலில் பார்த்ததும் அவனுக்குப் பயம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. தன் எழுத்தைத் தன் வீட்டு டியூப்லைட் வெளிச்சத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. 'அவள் குரலில் மலையாற்றின் கூழாங்கற்கள் உருண்டன' என்று ஒரு நாள் உற்சாகத்தில் எழுதியிருந்தான். அவை இப்போது உருண்டன, மெற்றில்டா பெருக்கினாள். 'அவள் கண்களில் புயல் குடியிருந்தது' என்று எழுதியிருந்தான். அவள் பார்த்த திசையில் இருந்த காலண்டர் படபடவென்று அடித்து ஆணியோடு பிய்த்துக்கொண்டு பறந்தது. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. எதிரிகள் எப்போதும் எதிரே இருந்து வருகிறவர்கள் என்பதால், அவன் அவளை முன்பக்கமாக மட்டுமே வர்ணித்திருந்தான். முதுகைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. ஆகவே பின்னால் போய்ப் பார்த்தால் அங்கே யாரும் இல்லை, சுவரும் சுவரில் மாதா படமும் பளிச்சென்று தெரிந்தன.

"ஒங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று மெற்றில்டா கேட்டாள்.

ரெமிஜியஸ் நுரையை விழுங்கிவிட்டு, "தெரிஞ்சவங்கதான்" என்றான்.

"காப்பியில சீனி போடலாமா?"

அவனுக்குத் தெரியவில்லை. அதையும் எழுதியதில்லை.

பவளம் பிளாட்ஸ் அவளை ஏற்றுக்கொள்ள ஒரு வார்டு மீட்டிங்குக்கு ஆகும் நேரம்கூட ஆகவில்லை. கீழ்வீட்டு ஷம்ஷாத்துதான் முதலில் அவளோடு சம்பந்தப்பட்டவள், அதுவும் மோதித்தான். மொட்டை மாடிக்கு வாளியோடு ஏறி வந்தவள், வழி காலியாகத்தானே இருக்கிறது என்று வேகமாக நடந்து, அரக்கியின் இல்லாத முதுகில் இடித்து, வாளியோடு உட்கார்ந்துவிட்டாள். எழுந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எக்கா, ஒங்க கண்ணுலேர்ந்தா இந்தக் காத்து வருது?" என்பது. மழைக்காலத்தில் ஈரத்துணியோடு திண்டாடும் வீடுகளுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. அன்று மத்தியானத்துக்குள் மொட்டை மாடியின் தகரக் கூரைக்குக் கீழே கொடிகள் கட்டப்பட்டு, ஒவ்வொரு வீட்டுப் போர்வையும் பள்ளிக்கூட யூனிபாரமும் வரிசையாகத் தொங்க, சூறைக்கொடி அவற்றின் முன்னால் நிறுத்தப்பட்டாள். அவள் இடமிருந்து வலமாக ஒரு தடவை பார்த்தால் பனியன்கள் காய்ந்தன. கோபமாகப் பார்த்தால் ஜமுக்காளம் காய்ந்தது.

அசோசியேஷன் செக்ரட்டரி அழகுவேல் அண்ணாச்சி, பஜாரில் இரும்புக்கடை வைத்திருப்பவர், எந்த விஷயத்திலும் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்கவேண்டும் என்று நினைப்பவர், மேலே வந்து இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துவிட்டு, "வாடகைக்கு இருக்காவளா, விருந்தாளியா?" என்று கேட்டார். விருந்தாளி என்றான் ரெமிஜியஸ். விருந்தாளி என்றால் ஆட்சேபணை இல்லை என்று அறிவித்த அண்ணாச்சி, கூழாங்கற்களை அசோசியேஷன் சொத்தாக்கி, கேட்டுக்கு வெளியே லாரி போய்ப் போய் விழுந்திருந்த பள்ளத்தில் கொட்டச் சொன்னார். இடித்துக்கொள்கிறவர்கள் அதிகமாகிவிடக் கூடாது என்பதற்காக ஷம்ஷாத்து ஒரு பழைய சிவப்புப் போர்வையில் சைக்கிளுக்குப் பின்னால் ஒட்டும் பளபளப்புத் தாளை ஒட்டி, அவள் தோளிலிருந்து தொங்கவிட்டாள். மாதா கோயில் சாமியார் வந்து, ஞானஸ்நானம் ஆகியிருக்கிறதா என்று விசாரித்து, "சூறைக்கொடி வெண்தாடிக்காரரின் கேள்வியைப் புரியாமல் முகம் சுளிக்கிறாள்" என்ற பதிலைப் பெற்றுக்கொண்டு, அப்படியானால் திருவிழாவுக்குக் கொடிமரம் தூக்க மட்டும் ஒரு கை கொடுக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாருக்கும் ஒவ்வொரு விதத்தில் அவள் பயன்பட்டாள். எல்லாரும் அவளை நல்ல மாதிரியாகத்தான் நடத்தினார்கள்.

ஆனால் அவள் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு நாளும், போர்வைகளுக்கு முன்னால் நின்றபடி, "சூறைக்கொடி கோடரியை உயர்த்தி, 'கணவாயைத் தாண்டத் துணிந்தவர் யார்?' என்று முழங்குகிறாள்" என்று முழங்கிவிட்டுக் காத்திருப்பாள். நிழல்மலை நாட்டில் அப்படி முழங்கினால் அடுத்த நிமிடம் யாராவது ஒரு பதில் எழுதிவிடுவார்கள். இங்கே ஷம்ஷாத்து, "இருக்கட்டும்க்கா, லேசா இந்தப் பக்கம் திரும்புங்க, தலகாணி உறை இன்னும் காயல" என்பாள். அரக்கி திரும்புவாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முழங்குவாள்.

வாரங்கள் போகப் போக, அவள் மங்க ஆரம்பித்தாள். கிழடு தட்டவில்லை, இளைக்கவும் இல்லை. அவளிடமிருந்து சொற்கள் உதிர்ந்தன. செம்பு நிறக் கூந்தலில் செம்பு நிறம் போய்விட, எந்த நிறமும் இல்லாத வெறும் கூந்தல் மிஞ்சியது. இரட்டை வாய்க் கோடரி வெறும் கோடரியானது, பிறகு ஏதோ ஒரு கம்பு மாதிரியானது. கூழாங்கல் விழுந்த இடத்தில் மணல் விழுந்தது. இதையெல்லாம் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. போர்வை காயாமல் நாற்றம் அடிக்கத் தொடங்கியதும்தான் கட்டடமே கவலைப்பட்டது.

ரெமிஜியஸ் மட்டும் முதல் நாளிலிருந்தே வேறொரு கவலையில் இருந்தான். கம்ப்யூட்டரில் சூறைக்கொடி என்று டைப் அடித்தால் எழுத்து திரையில் நிற்பதில்லை, ஈர மணலில் எழுதியது போலக் கரைந்துவிடும். அவள்தான் இங்கே இருக்கிறாளே, அங்கே எப்படி இருப்பாள்? கடைசியில் அவனுக்கு ஈரோட்டிலிருந்து போன் வந்தது. நிழல்மலை நாட்டை நடத்துகிற தவமணிதான் அழைத்தது. பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், சாயங்காலத்தில் ஒரு முழு நாட்டுக்கும் வானிலையும் விதியும் எழுதுகிறவர். அவனோடு வருஷக்கணக்காக எழுத்தில் பேசியிருந்தாலும் குரலில் பேசியதில்லை.

"ஏனுங்க, கணவாயில ஆளக் காணமே, சூறைக்கொடி எங்கீங்க?"

"எங்க வீட்டு மாடியில இருக்கா, மேடம்."

"அட, அங்க வந்துட்டாளா," என்றார் தவமணி, பஸ்ஸைத் தவறவிட்டவளைப் பற்றிப் பேசுகிற மாதிரி. "சரி, நல்லா இருக்கறாளா?"

"மங்கிக்கிட்டே வாறா."

"யாராச்சும் பதில் சொல்றாங்களா அவளுக்கு?"

ரெமிஜியஸ் யோசித்துப் பார்த்தான். "துணி காயப்போடுறோம்" என்றான்.

"என்னங்க நீங்க! பதில் இல்லாம அவ எப்புடி இருப்பா? நீங்க அவள எழுதினதுனால மட்டுமா அவ இருந்தா? எதுக்க இருந்தவங்க அவளப் படிச்சு, அவ சொன்னதக் காதுல வாங்கி, பதில் எழுதினாங்க, அதனால இருந்தா. எதுக்க நின்னு விளையாடச் சொல்லுங்க எல்லாரையும். ஒரே ஒரு சட்டம்தான், உங்களுக்கே தெரியும். அவங்கவங்க பாத்திரம் என்ன செய்யுதுன்னு அவங்கவங்க சொல்லணும். அடுத்தவங்க பாத்திரத்துக்கு என்ன ஆகுதுங்கறத அடுத்தவங்க சொல்லட்டும்."

ரெமிஜியஸ் போனை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனான். தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அவள் முழங்கால்கள் இருக்கவேண்டிய இடத்தில் தண்ணீர்த் தொட்டியின் குழாய் தெரிந்தது. அவளை உண்டாக்கியவன் நான், என் வார்த்தைக்கு அவள் கட்டுப்படுவாள் என்று நினைத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சூறைக்கொடி தேறுகிறாள். பழைய பலம் திரும்புகிறது. கூந்தல் மறுபடி செம்பு நிறமாகிறது" என்று சொன்னான்.

அவள் அவனைப் பார்த்தாள். அடுப்படியில் வழி தவறி வந்த ஒருவனைப் பார்ப்பது போன்ற பார்வை. சொல்லி முடித்தபோது அவளுடைய இடது கை முழங்கை வரை இல்லை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவளைப் பற்றிச் சொல்லும் உரிமை இப்போது அவனுக்கு இல்லை. அவளுடைய பகுதியை அவளே சொல்கிறாள். அவன் எதிரே நின்று பதில் சொல்லலாம், அவ்வளவுதான். எதிரே நிற்பதற்கு அவன் யார்? பல வருஷங்களாக அவளாகவே இருந்துவிட்டதால் அவனிடம் வேறு ஆள் யாரும் மிச்சமில்லை. படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதான். சத்தமில்லாமல் அழுது பழக்கம் என்பதால் மாடிக்குத் துணி எடுக்க வந்தவர்கள் அவனைத் தாண்டிப் போனார்கள்.

விஷயத்தை அவன் மெற்றில்டாவிடம் சொன்னான், மெற்றில்டா ஷம்ஷாத்திடம் சொன்னாள், அழகுவேல் அண்ணாச்சி அவசரக் கூட்டம் கூட்டினார். "ஒரு உசுரு சம்பந்தப்பட்டது. நாம நடிக்கணும், அம்புட்டுதான? நான் பள்ளிக்கூடத்துல கட்டபொம்மனா நடிச்சவன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கறிக்கடைக்குப் போனவர்களும் திரும்பி வந்ததும், மொத்தக் கட்டடமும் மொட்டை மாடியில் கூடியது. அண்ணாச்சி மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் போட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த பைப்பைக் கையில் பிடித்திருந்தார். சூறைக்கொடி, மிஞ்சியிருந்த அளவுக்கு, தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நின்றாள்.

"'கணவாயைத் தாண்டத் துணிந்தவர் யார்?'" என்றாள். குரல் கேட்கவில்லை, உதடுதான் அசைந்தது.

"நாந்தான்! மாமன்னர் அழகுவேல் பாண்டியன்! ஒன்ன ஒரே வெட்டா வெட்டிட்டேன், நீ விழுந்துட்ட!" என்று பைப்பை வீசினார் அண்ணாச்சி.

அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"விழுந்துட்டம்மா நீ."

அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"விழும்மா! எல்லாரும் பாக்காவல்லா!"

அவள் விழவில்லை. ஆனால் தோளிலிருந்த கரடித்தோல் மறைந்தது. ஷம்ஷாத்து பாய்ந்து வந்து பைப்பைப் பிடுங்கினாள். "அண்ணாச்சி, அவ விழுதாளா இல்லையான்னு அவதான சொல்லணும்? நீங்களே வெட்டி நீங்களே விழ வச்சா அப்புறம் அவ எதுக்கு? வீட்டுலயும் இப்பிடித்தான் பேசுவீங்களோ?" அண்ணாச்சியின் மனைவி கூட்டத்தில் எங்கிருந்தோ, "ஆமா, இப்பிடித்தான்" என்றாள். அண்ணாச்சி ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கி மூடிக்கொண்டார்.

ஷம்ஷாத்து தானே முன்னால் போய், தலையில் துணிமூட்டையோடு, "நான் கம்பளி வியாபாரி. என் ஒட்டகமெல்லாம் மழையில நனைஞ்சி தும்முது. கொஞ்சம் ஒதுங்க இடம் கெடைக்குமா?" என்று கேட்டாள். ஒட்டகம் தும்முவதைத் தும்மியும் காட்டினாள். சூறைக்கொடியின் உதட்டில் என்னவோ அசைந்தது. "சூறைக்கொடி ஒட்டகங்களை எண்ணிப் பார்க்கிறாள்" என்று மெல்லிய சத்தம் வந்தது, ஒரே ஒரு கூழாங்கல் விழுந்து உருண்டது, கூட்டம் கைதட்டியது. ஆனால் ஷம்ஷாத்துக்கு அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. தும்மி முடித்த ஒட்டகங்களோடு அவள் விழித்துக்கொண்டு நிற்க, அரக்கி மறுபடி மங்கினாள்.

அந்த நேரம் மெற்றில்டா அடுப்பை அணைத்துவிட்டு மேலே வந்தாள். கையில் ஒன்றும் இல்லை, தலையில் ஒன்றும் இல்லை, நைட்டிக்கு மேல் துண்டு போட்டிருந்தாள். அவளுக்கு நடிக்கத் தெரியாது. ஆனால் இத்தனை நாளும் துணி காய்ந்ததும் கீழே வந்து அடுப்படி வாசலில் நின்று சூறைக்கொடி சொல்லிக்கொண்டிருந்ததை எல்லாம், கூழாங்கல்லைப் பெருக்கிக்கொண்டே, வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டவள் அவள் ஒருத்திதான். கணவாய்க்கு அப்பால் இருக்கிற மலைக்கிராமங்களில் கஞ்சிக்குப் போட உப்பே கிடையாது என்று அவளுக்குத் தெரியும். பனிச்சரிவில் புதைந்துபோன அண்ணன் பெயர் தெரியும். கணவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என்னதான் எழுதுகிறான் என்பதே அவளுக்கு இப்படித்தான் தெரியவந்தது.

"நான் உப்பு விக்கிறவ" என்றாள் மெற்றில்டா. "கீழ கடலோரத்துலேர்ந்து வாறேன். மூட்டைய எறக்கி வச்சிட்டு இப்பிடி உக்காருதேன். காலு ஓஞ்சிபோச்சி." ஈரத்தரையில் நிஜமாகவே உட்கார்ந்தாள். கையால் ஒரு மூட்டையின் அளவைக் காட்டி, அதைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். "மேல ஊர்ல புள்ளைங்க உப்பில்லாத கஞ்சி குடிக்குதுன்னு கேள்விப்பட்டேன். அதான் வந்தேன். நீ யாரையும் விடமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கியாமே, அதையும் கேள்விப்பட்டேன். இப்ப நீ என்ன செய்யப்போற?"

பிறகு அவள் அவசரப்படுத்தவில்லை. அழகுவேல் அண்ணாச்சி ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஏதோ யோசனை சொல்ல வந்தபோது, அவரைப் பார்க்காமலே கையை உயர்த்தி நிறுத்தினாள். தகரத்தில் மழை பெய்தது. யாருடைய குக்கரோ கீழே விசில் அடித்தது. மெற்றில்டா காத்திருந்தாள், அவள் எதற்கும் அப்படிக் காத்திருந்து ரெமிஜியஸ் பார்த்ததில்லை, அல்லது அவள் அப்படிக் காத்திருந்த சமயங்களில் அவன் திரும்பிப் பார்த்ததில்லை.

சூறைக்கொடியின் கூந்தலில் நிறம் வந்தது. முதலில் நுனியில், பிறகு ஈரத்துணியில் சாயம் ஏறுவது போல மேலே மேலே ஏறி, முழுக்கச் செம்பாயிற்று. தழும்புகள் வந்தன. கோடரிக்கு இரண்டு வாயும் வந்தன. காற்று கிளம்பி, கொடியில் கிடந்த போர்வைகள் எல்லாம் கப்பல் பாய்களாகப் புடைத்தன.

"சூறைக்கொடி," என்று ஆரம்பித்து நிறுத்தினாள். அவள் அப்படி வாக்கியத்தின் நடுவில் நிறுத்தியதே கிடையாது. "சூறைக்கொடி யோசிக்கிறாள். சத்தியத்தை மீறினால் அண்ணன் முகத்தில் விழிக்க முடியாது என்று நினைக்கிறாள். உப்பில்லாத கஞ்சியை அண்ணனும் குடித்தான் என்பதையும் நினைக்கிறாள். 'நீ தாண்டக் கூடாது' என்று உப்புக்காரியிடம் சொல்கிறாள். 'உப்பு தாண்டலாம். உப்பைப் பற்றி நான் சத்தியம் செய்யவில்லை.'"

கூட்டத்தில் யாரோ "அடி சக்கை" என்றார்கள். ரெமிஜியஸ் எழுந்து நின்றுவிட்டான். இத்தனை வருஷத்தில் அவன் கைக்கு ஒரு தடவையாவது இப்படி ஒரு வரி வந்ததில்லை.

"அப்ப யாரு சொமக்கிறது?" என்று கேட்டாள் மெற்றில்டா.

"சூறைக்கொடி கோடரியைக் கீழே வைக்கிறாள். சூறைக்கொடி சுமக்கிறாள்."

"அப்பச் சரி. திரும்பு, தூக்கி விடுதேன்."

அரக்கி தயங்கினாள். பவளம் பிளாட்ஸுக்கு வந்த நாளிலிருந்து அவள் தானாக யாருக்கும் முதுகைக் காட்டியதில்லை. பிறகு, பெரிய கதவு ஒன்று கீலில் திரும்புவது போல, மெல்லத் திரும்பினாள். ஷம்ஷாத்து போட்டுவிட்ட சிவப்புப் போர்வையை மெற்றில்டா கழற்றி எடுத்தாள். இல்லாத மூட்டையை இரண்டு கையாலும் மூச்சுப் பிடித்துத் தூக்கி, இல்லாத முதுகின்மேல் ஏற்றினாள். பாரம் ஏறிய இடத்தில் முதுகு இருந்தது. அதை யாரும் வர்ணிக்காததால் வர்ணனை எதுவும் அதில் இல்லை. உப்பளத்தில் சுமக்கிற எந்தப் பெண்ணுக்கும் இருக்கிற முதுகு அது, அகலமாக, கொஞ்சம் வளைந்து, ரவிக்கை வேர்வையில் ஒட்டியிருக்க, நடுவில் செம்பு நிறப் பின்னல் தொங்க. அவள் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். தொட்டிக்கு அந்தப் பக்கம் கைப்பிடிச் சுவர் மட்டும்தான் உண்டு, அதற்கப்பால் ரயில் பாதை. போய்ப் பார்த்தபோது அவள் இல்லை. தரையில் ஈரப் பாதச்சுவடுகளும், அவற்றின் ஓரத்தில் கொஞ்சம் வெள்ளையாக உப்பும் கிடந்தன. ஷம்ஷாத்து தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "நம்ம ஊரு உப்புதான்" என்றாள். அன்றைக்குத் துணிகள் எல்லாம் மொறுமொறுவென்று காய்ந்திருந்தன.

சாயங்காலம் தவமணி போன் செய்தார். "வந்து சேர்ந்துட்டாளுங்க. மலையூர் முச்சூடும் இன்னிக்குக் கஞ்சிக்கு உப்புப் போட்டுக் குடிக்குது. ஆமா, அவள இப்ப யாருங்க எழுதறது? நானும் எழுதல."

"நானும் எழுதல, மேடம்" என்றான் ரெமிஜியஸ். அதைச் சொன்னபோது அவனுக்குக் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிறவனுடைய நெஞ்சு இருந்தது, பாதி கனம், பாதி லேசு.

"ஒன்னு மட்டும் இருக்குதுங்க," என்றார் தவமணி. "அவ உப்பத் தூக்கிட்டு மேல போயிட்டா. கணவாயில இப்ப காவலுக்கு ஆளே இல்ல. தொறந்து கெடக்குது."

திறந்து கிடந்தால் என்ன ஆகும் என்பது மறுநாள் காலை தெரிந்தது. மொட்டை மாடிக் கதவைத் திறந்துகொண்டு அவர்கள் வரிசையாகப் படியிறங்கி வந்தார்கள், நிழல்மலை நாட்டின் ஆட்கள், ஒவ்வொருவரும் தன்னை எழுதியவரின் கைக்குத் தகுந்தபடி. மூக்கைப் பற்றி எழுத மறந்துபோன ஒரு குள்ளன் முன்னால் வந்தான். ஆயிரம் சூரியன் போல ஜொலிப்பவள் என்று எழுதப்பட்ட ஓர் இளவரசி வந்தாள், அழகுவேல் அண்ணாச்சி அவளைப் பார்த்ததும் ஹெல்மெட்டைத் தேடி ஓடினார். எந்நேரமும் மர்மமாகப் புன்னகைப்பவன் என்று எழுதப்பட்ட ஒரு மந்திரவாதி, வாய் வலி பொறுக்க முடியாமல் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு வந்தான். அவர்களுக்குப் பின்னாலும் படியில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எல்லாரும் மேல் மாடி வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"குள்ளன் தாடியைத் தடவிக்கொண்டு, 'இந்த நாட்டில் பேச வல்லவர் யார்?' என்று கேட்கிறான்" என்றான் குள்ளன். பிறகு காத்திருந்தான்.

ரெமிஜியஸ் அடுப்படிப் பக்கம் திரும்பினான். "மெற்றில்டா, ஆளு வந்திருக்கு."

"ஒங்களத்தான கேக்காவ" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. "நான் எடுத்துக் குடுக்கமாட்டேன். அது ஒங்க வசனம்."

அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். எதிரே குள்ளனின் தாடி ஓரத்தில் ஏற்கெனவே லேசாக நிறம் போய்க்கொண்டிருந்தது. யோசிக்க நேரமில்லை. "ரெமிஜியஸ்," என்று ஆரம்பித்தான், தன் பெயரைத் தானே இத்தனை சத்தமாகச் சொல்லி அவன் கேட்டதில்லை, "ரெமிஜியஸ் கதவை நல்லாத் திறக்கிறான். 'உள்ள வாங்க, செருப்பை வெளியே விட்டுட்டு வாங்க, எல்லாரும் சாப்பிட்டுத்தான் போகணும்' என்று சொல்கிறான்."

குள்ளனின் தாடி கறுத்தது. "குள்ளன் தலைவணங்கி, 'என்ன உணவு?' என்று கேட்கிறான்."

கல்யாணமான நாளிலிருந்து மெற்றில்டா ஒவ்வொரு காலையும் இதே கேள்வியைக் கேட்டிருந்தாள், ரெமிஜியஸ் ஒவ்வொரு காலையும் எதுன்னாலும் சரி என்றுதான் சொல்லியிருந்தான், அவள் இட்லிதான் அவித்திருந்தாள். அவன் ஆழமாக ஒரு மூச்சு இழுத்தான்.

"பூரி" என்றான். "பூரியும் கிழங்கும். ரெமிஜியஸுக்கு அதுதான் பிடிக்கும்."

அடுப்படியில் கரண்டி ஒன்று கீழே வைக்கப்பட்டது.

"மெற்றில்டா ஆச்சரியப்பட்டு, எண்ணெய்ச் சட்டிய அடுப்புல வைக்கிறா" என்று குரல் வந்தது. "இத்தன பேருக்கு மாவு பிசையுறது யாருன்னு அவ சொல்லமாட்டா. அத அவங்கவங்கதான் சொல்லணும்."

ரெமிஜியஸ் சட்டைக் கையை மடித்துக்கொண்டே, கீழ்வீட்டுக்கும் அதற்குக் கீழ்வீட்டுக்கும் கேட்கும்படியாக, அடுத்த வரியைச் சொன்னான்.